முதலில் யாரைக் கேட்பது: மேட்டுப்பாளையத்திலிருந்து பெருமாட்டி வரை ஒரு பயணக் குறிப்பு

ஜனவரி 26, மேட்டுப்பாளையம் அருகே

குடியரசு நாளன்று தமிழ்நாட்டின் எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் கிராம சபை கூட வேண்டும் என்பதால், இந்தப் பயணத்தையும் இன்றே தொடங்கினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி வழியாக வயநாட்டுக்கு ஏறி, கண்ணூருக்கு இறங்கி, திருச்சூர் வழியாகப் பாலக்காட்டில் முடிப்பதாகத் திட்டம். தண்ணீர், மின்சாரம், மரம், மண் ஆகியவை அடுத்த தலைமுறைக்கும் மிஞ்சும்படி ஊர்களைத் திட்டமிடுவது பற்றி எல்லா அரசுகளும் பேசுகின்றன. அந்தத் திட்டத்தைப் போடும் உள்ளாட்சிகள் தங்கள் மக்களை எந்தக் கட்டத்தில் கேட்கின்றன, கேட்டதை வைத்து என்ன செய்கின்றன என்பதை நேரில் பார்ப்பதற்காகவே புறப்பட்டிருக்கிறேன். அன்றன்றைய குறிப்பை அன்றன்று இரவே இங்கே பதிவிடுகிறேன்.

இன்று நான் உட்கார்ந்திருந்த சபையின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அதைப் போன்ற சபையை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். பள்ளி வளாகத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். வரவு செலவுக் கணக்கு அச்சிட்ட பதாகை சுவரில் தொங்கியது. அதன் கீழ்ப்பாதியை மைக் செட்டுக்காரரின் பெட்டிகள் மறைத்திருந்தன. கூட்டம் தொடங்குமுன்பே கையெழுத்து நோட்டு வரிசைதோறும் சுற்றி வந்துவிட்டது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று கோரம் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) வரையறுக்கப்பட்டிருப்பதால், எண்ணிக்கை சேர்ந்துவிட்டதா என்பதுதான் மேடையில் இருந்தவர்களின் முதல் கவலையாக இருந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்.

ஊராட்சிச் செயலர் மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் இருந்த பொருள்களை வரிசையாக வாசித்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் "சபை ஒருமனதாக ஏற்கிறது" என்று அவரே சொல்லிக்கொண்டார். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டமும், அதாவது அடுத்த ஆண்டு இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று மக்கள் உட்கார்ந்து பேசிப் போட வேண்டிய திட்டமும், அந்த வரிசையில் ஒரு பொருளாக வந்தது. டெங்கு தடுப்புக்கும் நெகிழி ஒழிப்புக்கும் நடுவில் அரை நிமிடத்தில் கடந்து போனது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தபோது, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டமிடும் அமைப்புகளாக ஊராட்சிகளை அது எண்ணிப் பார்த்தது. பதினொன்றாவது அட்டவணையில் 29 துறைகளும் எழுதப்பட்டன. அந்த எண்ணம் ஒரு சுற்றறிக்கையின் இடைவரியாகச் சுருங்கியதை இன்று பார்த்தேன்.

ஆனால் மக்கள் பேசவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. நடு வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து, "ஆகஸ்ட் பதினஞ்சுல குட்டைக்குள்ள சாக்கடை வுழுகறத நிறுத்தோணும்னு எழுதுனமுங்க, அது என்னாச்சுங்க?" என்று கேட்டார். செயலர் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினார். தீர்மானம் எண்ணோடு இருந்தது. மேலே எங்கே அனுப்பப்பட்டது, யார் என்ன பதில் எழுதினார்கள் என்பதற்கான இடம் அந்தப் பக்கத்திலேயே இல்லை. கூட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்த பற்றாளர், வட்டார வளர்ச்சி அலுவலரின் கவனத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். அந்த அம்மா உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்கிறவர் நம் ஊர்களில் கேலிக்கு ஆளாகிவிடுகிறார். மக்களுக்கு ஆர்வமில்லை என்று அதிகாரிகள் சொல்வதன் ஒரு பாதியை இந்தச் சிரிப்பு விளக்கிவிடும் என்று நினைக்கிறேன்.

பணத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. அவை தேவையானவைதான்; ஆனாலும் சபை தானாக யோசித்து முடிவெடுக்க மிஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வி தலைவருக்கும் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும்.

ஜனவரி 27, ஓடந்துறை

மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் ஓடந்துறை ஊராட்சி வெளிநாட்டவரும் வந்து பார்த்துப் போகும் ஊர். 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த சண்முகம் அவர்களின் காலத்தில், குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்ட வேண்டிய மின்கட்டணம் ஊராட்சி வருவாயைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கி 9 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் அமைத்தார்கள். பின்னர் 2006இல் ஊராட்சியின் சேமிப்பிலிருந்து 40 லட்சம் ரூபாயும் வங்கிக் கடனாக 1.15 கோடி ரூபாயும் போட்டு, உடுமலைப்பேட்டைப் பக்கம் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார்கள். ஊருக்குத் தேவையானது போக மிஞ்சும் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போகிறது. ஒரு கிராம ஊராட்சி கடன் வாங்கிக் காற்றாலைக்குச் சொந்தக்காரர் ஆவது அன்றைக்கு நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம்.

நான் காற்றாலையின் விவரம் கேட்க வரவில்லை. அது பலமுறை எழுதப்பட்டாயிற்று. கடன் வாங்குவது என்ற முடிவை ஊர் எப்படி எடுத்தது என்பதைத்தான் தேநீர்க் கடையில் இருந்த பெரியவர்களிடம் கேட்டேன். "தலைவர் சொன்னாருங்க, நாங்க சரின்னமுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் அதைத் திருத்தினார்: மின்கட்டண ரசீதைக் கூட்டத்திலேயே காட்டி, இந்தப் பணத்தில் என்னென்ன செய்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னார்களாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்களாக இருக்கலாம். ரசீதைக் காட்டியதுதான் எனக்குப் பிடித்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு "நீடித்த வளர்ச்சி" என்ற சொல்லைவிட, மாதாமாதம் கையை விட்டுப் போகும் தொகை எளிதில் பிடிபடும்.

ஆனாலும் ஓடந்துறையை முன்மாதிரி என்று சொல்லும்போது ஒரு தயக்கம் வருகிறது. இது ஒரு தலைவரின் முனைப்பில் எழுந்த கதை. அப்படிப்பட்டவர் வாய்க்காத ஊர்களுக்கு எது துணை? 2016இல் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் இறுதி வரை தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லை. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனையோ ஊர்களில் திட்டமிடும் பழக்கமே அறுந்துபோயிருக்கும். மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் போவதன் காரணம் இதுதான்: தலைவர் யாராக இருந்தாலும் ஓடும் ஒரு நடைமுறையை அங்கே கட்ட முயன்றார்கள்.

ஜனவரி 28, மேட்டுப்பாளையத்திலிருந்து மீனங்காடி

நாள் முழுவதும் பேருந்து. குன்னூர், உதகை, கூடலூர், சுல்தான் பத்தேரி என்று மாறி மாறி ஏறி இறங்கியதில் எழுத அதிகம் இல்லை. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட "அஜெண்டா 21" ஆவணத்தின் 28ஆம் அத்தியாயத்தை வழியில் மறுபடியும் படித்தேன். அது உள்ளாட்சிகளுக்கென்றே எழுதப்பட்ட மிகச் சிறிய அத்தியாயம். 1996ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு நாட்டிலும் பெரும்பாலான உள்ளாட்சிகள் தம் மக்களோடு கலந்து பேசி, தமக்கான உள்ளூர்ச் செயல்திட்டத்தில் ஒரு பொது உடன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது. கெடு வைத்தவர்கள் நல்ல நம்பிக்கையில்தான் வைத்திருக்கிறார்கள். அதே 1996இல் கேரளம் வேறொரு காரணத்துக்காக வேறொரு வழியில் இதைத் தொடங்கியது. அதைத் திருச்சூரில் வைத்து எழுதுகிறேன்.

கூடலூரைத் தாண்டியதும் பேருந்தில் தமிழும் மலையாளமும் கலந்துவிட்டன. இரவு குளிர் கடுமையாக இருக்கிறது.

ஜனவரி 29, மீனங்காடி

வயநாட்டில் சுல்தான் பத்தேரிக்கும் கல்பற்றாவுக்கும் இடையில் நெடுஞ்சாலையில் இருக்கும் மீனங்காடி, காப்பியும் மிளகும் பாக்கும் விளையும் ஊராட்சி. வெளிவிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படும் கரியமில வாயுவும் சமமாகும் ஊராக இதை ஆக்கும் முயற்சி 2016ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் நாளன்று தொடங்கப்பட்டது. அப்போதைய மாநில நிதியமைச்சர் தாமஸ் ஐசக் இதில் மிகுந்த அக்கறை காட்டினார். "தணல்" என்ற அமைப்பு ஊராட்சியோடு சேர்ந்து வேலை செய்தது. மின்சாரம், வாகன எரிபொருள், அடுப்பு விறகு, கால்நடை ஆகியவற்றிலிருந்து எவ்வளவு வெளியாகிறது, மரமும் மண்ணும் எவ்வளவைப் பிடித்து வைக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள்.

கணக்கு எடுப்பது நிபுணர் வேலை. அதன் பிறகு வந்த கேள்விதான் ஊரின் வேலை: மரம் நட்டால் மட்டும் போதாது, நட்ட மரத்தையும் நிற்கிற மரத்தையும் வெட்டாமல் இருக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி? காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம் சிறு விவசாயியின் உண்டியல். மகளுக்குக் கல்யாணம், மருத்துவச் செலவு என்று வந்தால் அதைத்தான் உடைப்பார். மரத்தை வெட்டாதே என்று அவரிடம் சொல்வது சேமிப்பில் கை வைக்காதே என்று சொல்வதற்குச் சமம். இந்த இடத்தில் பிறந்ததுதான் மர வங்கித் திட்டம். விவசாயி தன் மரத்தை ஊராட்சியிடம் அடமானம் வைக்கிறார். ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகள் வட்டியில்லாக் கடன் கூட்டுறவு வங்கி வழியாக வருகிறது. மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்ப வேண்டும். வெட்டாதவரை தொகை அவருடையது.

தோட்டத்தைக் காட்டிய ஒரு விவசாயி மரங்களின் இடம் கைப்பேசிச் செயலியில் பதிவாகியிருப்பதைத் திறந்து காட்டினார். நூறு மரத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வருகிறது. ஒரு முதிர்ந்த மரத்தை வியாபாரிக்கு விற்றால் கிடைப்பதோடு இதை ஒப்பிட முடியாது என்று அவரே சொன்னார். பிறகு ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, எப்படியும் வெட்டப் போவதில்லை என்று முடிவு செய்திருந்த மரங்களை மட்டும் பதிந்ததாகச் சொல்லிச் சிரித்தார். இந்தத் திட்டத்தின் வலிமையும் பலவீனமும் அந்தப் பதிலில் சேர்ந்தே இருக்கின்றன.

பிற்பகலில் ஒரு வார்டு கிராம சபையில் ஓரமாக உட்கார அனுமதித்தார்கள். கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் தனித்தனிக் கிராம சபை. வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால் கோரம். வந்தவர்களைப் பார்த்தால் நம் ஊருக்கும் இங்கும் பெரிய வேறுபாடு இல்லை: குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பெண்கள்தான் அதிகம், இளைஞர்கள் சிலர், பெரிய தோட்டக்காரர்களும் அரசு வேலைக்காரர்களும் அனேகமாக யாருமில்லை. வீடு, ஆடு, நாற்று என்று பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் இடமாகச் சபை ஆகிவிட்டதால், கேட்க ஒன்றுமில்லாதவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று உள்ளூர் ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார்.

வேறுபாடு வேறு இரண்டு இடங்களில் இருந்தது. வரவேற்பு முடிந்ததும் கூட்டத்தைத் துறைவாரியாகப் பிரித்துவிட்டார்கள். விவசாயம் ஒரு வட்டம், தண்ணீர் ஒரு வட்டம், பெண்களும் குழந்தைகளும் ஒரு வட்டம் என்று நாற்காலிகள் திருப்பிப் போடப்பட்டன. மேடையைப் பார்த்துப் பேசத் தயங்கும் ஒருவர் இருபது பேர் கொண்ட வட்டத்தில் பேசிவிடுகிறார். விவசாய வட்டத்தில் மரக்கன்று பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பேச்சு முழுவதும் காட்டுப் பன்றியைப் பற்றியே ஓடியது. பன்றிக்கு வேலி போடாமல் கிழங்கு போட முடியாது, கிழங்கு இல்லாவிட்டால் வருமானத்துக்கு மரத்தில்தான் கை வைக்க வேண்டும் என்று ஒரு முதியவர் சொன்னதை வட்டத்தின் பதிவாளர் அப்படியே எழுதிக்கொண்டார். கரியமிலக் கணக்கும் பன்றி வேலியும் ஒரே தாளில் வந்துவிட்டன.

இரண்டாவது வேறுபாடு அதைவிட முக்கியமானது. வார்டு உறுப்பினர், சென்ற ஆண்டு இதே சபை கேட்டவற்றில் எவை திட்டத்தில் சேர்ந்தன, எவை சேரவில்லை, சேராததற்குக் காரணம் என்ன என்று ஒரு பட்டியலை வாசித்தார். சில காரணங்களைக் கூட்டம் ஏற்கவில்லை. ஒரு பாலத்துக்காகப் பெரும் சத்தமே எழுந்தது. மேட்டுப்பாளையத்தில் குட்டையைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்குக் கிடைக்காதது இந்தச் சத்தம் போடும் வாய்ப்பு.

பழங்குடிக் குடியிருப்புகளுக்கென்று "ஊருக்கூட்டம்" தனியாகக் கூடுகிறது. பணியரும் குறுமரும் பொதுச் சபையில் பின்வரிசையில் உட்கார்ந்து கலைந்துவிடுவதைத் தவிர்க்க அந்த ஏற்பாடு. அதைப் பார்க்க நான் கேட்கவில்லை. வெளியாள் உட்காரும் இடம் அது இல்லை என்று தோன்றியது.

ஜனவரி 30, கல்லியாசேரி

மலையிறங்கிக் கண்ணூர் வந்து, அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் உள்ள கல்லியாசேரிக்குப் போனேன். சாலையின் இருபுறமும் கடைகளும் வீடுகளுமாக இருப்பதால், ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பயணிக்குத் தெரியாது. இங்கே பார்ப்பதற்கு நினைவுச்சின்னம் ஒன்றும் இல்லை. ஆனால் மக்கள் பங்கேற்புத் திட்டமிடல் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெயரைத் தவறாமல் சொல்வார்கள்.

1990களின் தொடக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும் திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து, ஊராட்சிகளின் இயற்கை வளத்தை ஊராரைக் கொண்டே வரைபடமாக்கும் முயற்சியில் இறங்கினார்கள். அதில் ஆழமாக வேரூன்றிய இடங்களில் ஒன்று கல்லியாசேரி. கிராம நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் புல எண் புல எண்ணாக நடந்து, நிலம் எதற்குப் பயன்படுகிறது, மண் எப்படிப்பட்டது, நீர் எங்கே தேங்குகிறது, கிணற்றில் கோடையில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று வண்ணம் தீட்டினார்கள். வீடுதோறும் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பும் நடந்தது. நிபுணர்கள் கற்றுக்கொடுக்கவும் சரிபார்க்கவும் கூட இருந்தார்கள், நடந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

அதில் கலந்துகொண்ட ஒருவரைப் பார்க்க முடிந்தது. இப்போது ஓய்வு பெற்றவர். வராந்தாவில் உட்கார்ந்து பேசினார். பிறந்து வளர்ந்த ஊரில் தான் அதுவரை கால் வைக்காத சந்துகள் எத்தனை இருந்தன என்பது அந்த நடையில்தான் தெரிந்தது என்றார். நெல் அறுத்த பிறகு மாதக்கணக்கில் சும்மா கிடந்த வயல்களின் பரப்பு வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரிந்தபோது, அதில் கோடைக் காய்கறி போடலாம் என்ற யோசனையை யாரும் வெளியிலிருந்து சொல்லத் தேவைப்படவில்லை. அப்படியே செய்தார்கள். யாருடைய வயல், யார் பயிரிடுவது, தண்ணீர் யார் கிணற்றிலிருந்து என்ற பேரங்களை அக்கம்பக்கத்து வீட்டார் சேர்ந்த அயல்கூட்டங்கள் பேசி முடித்தன.

இந்தப் பயணத்தில் இதுவரை கேட்டதில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது இதுதான். உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று வெறுங்கையோடு கேட்டால், ரோடு, விளக்கு, சமுதாயக்கூடம் என்றுதான் பதில் வரும். அதில் மக்களின் தவறு ஏதும் இல்லை. அரசிடம் கேட்டால் கிடைக்கும் பொருள்கள் அவைதான் என்பது அவர்களின் அனுபவம். எது இருக்கிறது, எது குறைந்துகொண்டு வருகிறது என்பதைக் காட்டும் ஒரு தாளை நடுவில் விரித்து வைத்துவிட்டுக் கேட்டால் பேச்சே வேறாகிவிடுகிறது. வரைபடம் வரைய மாதக்கணக்கில் ஆகும், ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். கெடு தேதிக்குள் திட்டத்தைக் கணினியில் ஏற்றியாக வேண்டும் என்று நெருக்கும் அலுவலகங்களுக்கு இந்த நேரம் ஒருபோதும் இருப்பதில்லை. ஓடந்துறையில் காட்டிய மின்கட்டண ரசீதும் இந்த வகைத் தாள்தான், சிறியது.

ஜனவரி 31, முளங்குன்னத்துக்காவு, திருச்சூர்

காலை ரயிலில் திருச்சூர் வந்து, 1990இல் தொடங்கப்பட்ட கேரள உள்ளாட்சி நிர்வாக நிறுவனமான "கிலா"வுக்குப் போனேன். ஊராட்சி உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி தரும் வளாகம் இது.

இங்குள்ளவர்கள் "ஜனகீயாசூத்ரணம்" என்று சொல்லும் மக்கள் திட்டம் 1996 ஆகஸ்ட் 17இல், மலையாள ஆண்டின் முதல் நாளில் தொடங்கியது. ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்துவிடுவது என்று அரசு முதலில் முடிவெடுத்தது. எப்படிச் செலவழிப்பது என்று கற்றுக்கொள்ளும் வேலை அதன் பிறகுதான் நடந்தது. ஆற்றல் வரட்டும், பிறகு அதிகாரம் தருகிறோம் என்று காத்திருப்பதே எங்கும் வழக்கம். கேரளம் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. முதல் ஆண்டுகளில் வந்த திட்ட வரைவுகள் பல மிகவும் குறையுள்ளவை. அதைச் சரிசெய்ய, ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் அலுவலர்களையும் தொண்டர் தொழில்நுட்பப் படையாகத் திரட்டி, வரைவுகளைத் திருத்த வைத்தார்கள். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் அறிவை ஓர் அரசு இப்படிப் பயன்படுத்தியதைக் கேட்டபோது, நம் ஊரில் பூங்கா பெஞ்சுகளில் வீணாகும் உதவிப் பொறியாளர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

நடைமுறை இப்படிப் போகிறது: கிராம சபையில் தேவைகள் எழுகின்றன, ஊராட்சியின் நிலையை விளக்கும் வளர்ச்சி அறிக்கை தயாராகிறது, கிராம சபைகளின் பிரதிநிதிகளும் துறை அறிந்தவர்களும் கூடும் வளர்ச்சிக் கருத்தரங்கில் அதை விவாதிக்கிறார்கள், பணிக்குழுக்கள் ஒவ்வொரு துறைக்கும் திட்டம் எழுதுகின்றன, ஊராட்சி முன்னுரிமை கொடுக்கிறது, மாவட்டத் திட்டக் குழு ஒப்புதல் தருகிறது. பெண்களுக்கான திட்டங்களுக்குக் குறைந்தது 10 விழுக்காடு ஒதுக்க வேண்டும். பணம் முழுவதும் சாலையில் போய்விடக் கூடாது என்பதற்காகக் கட்டுமானத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். மக்கள் முடிவெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு உச்சவரம்பு வைப்பது முரண் என்று எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். அந்த வரம்பு இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரரின் குரல்தான் கிராம சபையின் குரலாகியிருக்கும் என்று ஒரு பயிற்றுநர் சிரிக்காமல் பதில் சொன்னார். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடிப்படிகளில் மக்களை வெறுமனே வசப்படுத்துவதும், நோயாளிகளைப் போல நடத்திச் 'சிகிச்சை' தருவதும் நடக்கின்றன. நடுப்படிகளில் தகவல் சொல்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள். மேல்படிகளில்தான் அதிகாரம் கைமாறுகிறது. அந்த ஏணியில் மீனங்காடியின் வட்டங்களை எங்கே வைப்பது என்று மாலை முழுவதும் யோசித்தேன். பணம் ஊராட்சியின் கையில் இருக்கிறது, காரணம் கேட்டுச் சத்தம் போட முடிகிறது. ஆனால் இறுதிப் பட்டியல் கட்சிகளின் கணக்கைக் கடந்துதான் வருகிறது. நடுவுக்கு மேலே, உச்சிக்குக் கீழே. நம் குடியரசு நாள் சபையைப் பற்றி யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 1, பெருமாட்டி

பாலக்காட்டிலிருந்து சித்தூர் வழியாகப் பெருமாட்டி ஊராட்சியின் பிலாச்சிமடைக்கு வந்தேன். தமிழ்நாட்டு எல்லை மிக அருகில் இருக்கிறது. தென்னையும் வறண்ட மண்ணும் பேச்சுமாகப் பொள்ளாச்சிப் பக்கம் போலவே இருக்கிறது. இங்கே மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

2000ஆவது ஆண்டில் கோகோ கோலா குளிர்பான ஆலைக்கு உரிமம் கொடுத்தது இந்த ஊராட்சிதான். வேலையும் வரியும் வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. சில மாதங்களிலேயே சுற்றியிருந்த குடியிருப்புகளின் கிணறுகளில் தண்ணீர் இறங்குவதாகவும் கெடுவதாகவும் முறையீடுகள் எழுந்தன. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டப் பந்தல் எழுந்தது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று ஊராட்சி தீர்மானித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று ஊராட்சியின் பக்கம் சாய்ந்த தீர்ப்பை வழங்கினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நீண்டது. 2017இல், ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் அங்கே தெரிவித்தது. இடையில் 2010இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதைப் பெற்றுத்தர 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இத்தனை நாளும் பார்த்த நடைமுறைகள் எல்லாம் ஊராட்சி தன் பணத்தில் தானே செய்யப்போகும் காரியங்களுக்கானவை. ஊரின் நீரையும் மண்ணையும் பெரிதும் மாற்றிவிடக்கூடிய முடிவுகளோ வெளியிலிருந்து ஒரு முதலீட்டு விண்ணப்பமாக வருகின்றன. அவை வளர்ச்சிக் கருத்தரங்கின் எந்த வட்டத்திலும் உட்காருவதில்லை. பெருமாட்டியில் உரிமம் கொடுத்த நாளில் மக்கள் திட்டம் மூன்று வயதைக் கடந்திருந்தது. கருவேப்பிலைக் கன்றுக்குக் கூடப் பணிக்குழு கூடும் மாநிலத்தில், எத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள் என்ற ஒரு தாளைச் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் நடுவில் முன்கூட்டியே விரித்திருந்தால், இத்தனை ஆண்டு வழக்குக்கு இடம் இருந்திருக்காது என்பது என் கருத்து.

ஆலை இருந்த 35 ஏக்கர் வளாகத்தை நிறுவனம் மாநில அரசிடம் ஒப்படைத்துவிட்டது. அங்கே அடுத்து என்ன வரலாம் என்பது பற்றிப் பல பேச்சுகள் ஓடுகின்றன. வாசலுக்கு எதிர்ப்புறக் குடியிருப்பில் தண்ணீர்க் குடங்களைத் திண்ணையில் இறக்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"என்ன வேணுமின்னாலும் கட்டட்டுமுங்க அண்ணா. அதுக்கு முன்னால எங்க கெணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணி, அந்தக் காகிதத்த எங்க கையில கொடுக்கட்டும். அதுக்கப்புறம் கூட்டம் போடட்டும், நாங்க வர்றோமுங்க" என்றார்.